நூலில் தொங்கிய படிகம்: கே.எஸ். கிருஷ்ணனின் சொந்த வேலை

1928 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் சி.வி. ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய சிறு குறிப்பு வெளியானது. ராமன் விளைவை உலகுக்கு அறிவித்த அந்தக் குறிப்போடு கே.எஸ். கிருஷ்ணனின் கதையை நாம் முடித்துவிடுகிறோம். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, கல்கத்தாவில் ராமனிடம் சேர்ந்தவர் அவர். அந்த ஆய்வில் அவர் பங்கு பெரியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அவரை அளக்க வேண்டிய இடம் அதுவல்ல. 1928 இறுதியில் தாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, திண்மநிலை இயற்பியலில் அவர் செய்ததே முழுக்க அவருடையது. அதில் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, ஒரு படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பது. கருவி எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட வேண்டும். படிகம் தனக்கு இசைந்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையைத் திருகத் திருகக் காந்தப்புலம் படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும். முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டியதும் படிகம் சட்டென்று புரண்டுவிடும். அந்த எல்லைக் கோணத்திலிருந்து இரு திசைகளுக்கு இடையிலான காந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் தட்டையான வளையங்களால் ஆனவை. காந்தப்புலம் வளையத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போது எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓடி அதை வலுவாக எதிர்க்கின்றன. ஆகவே படிகத்தின் எந்தத் திசையில் எதிர்ப்பு மிகுதி என்று தெரிந்தால், உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

படிக அமைப்பைக் கண்டறிய எக்ஸ் கதிர் இருக்கும்போது இந்தக் காந்த முறை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் சிதறிய கதிர்களின் செறிவை மட்டுமே காட்டும். அலைகளின் கட்டம் அதில் பதிவாவதில்லை. அக்காலத்தில் அமைப்பை முதலில் ஊகித்து, அது படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஊகங்களோ எண்ணற்றவை. அவற்றில் பெரும்பாலானவற்றை முதலிலேயே தள்ளிவிடக் கிருஷ்ணனின் காந்த அளவீடு உதவியது. பென்சீன் வளையம் தட்டையானது என்று எக்ஸ் கதிரால் நிறுவிய கேத்லீன் லான்ஸ்டேல், 1936இல் கிருஷ்ணனோடு சேர்ந்து இதே பொருளில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். காந்த முறை வீணானதாக இருந்திருந்தால், எக்ஸ் கதிர் முறையில் தேர்ந்தவர் அதை நாடியிருக்க மாட்டார்.

1933இல் கல்கத்தா திரும்பிய கிருஷ்ணன் கிராஃபைட்டை எடுத்துக்கொண்டார். என் பார்வையில் அவருடைய மிகச் சிறந்த வேலை இதுதான். கிராஃபைட்டின் டயா காந்தம், அதாவது காந்தப்புலத்தை எதிர்க்கும் பண்பு, கார்பன் அடுக்குகளின் தளத்தில் இருப்பதைவிட அவற்றுக்குச் செங்குத்தான திசையில் பல பத்து மடங்கு வலிமையானது. அடுக்கினுள் கட்டற்று ஓடும் எலக்ட்ரான்களே இதற்குக் காரணம் என்று அவரும் உடன் ஆய்வாளர் கங்குலியும் 1941இல் விளக்கினர். அடுக்கினுள் மட்டும் தாராளமாக ஓடும் எலக்ட்ரான் என்ற கருத்து, ஒற்றை அடுக்கான கிராஃபீனை 2004இல் பிரித்தெடுத்த பிறகு பெரிய ஆய்வுத் துறையாகவே வளர்ந்தது. அதற்குக் கிருஷ்ணன்தான் மூலவர் என்று சொல்வது மிகையாகும். அந்த எலக்ட்ரான்களின் நடத்தையை அளவீட்டால் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர் என்பது மிகையல்ல.

1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினரான அவர், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நிர்வாகம் அவரை ஆய்விலிருந்து பிரித்துவிட்டது என்று சிலர் வருந்துவதுண்டு. நேரம் குறைந்தது உண்மை. ஆனால் அங்கேயும் அவர் கிராஃபைட்டை விடவில்லை. மூடிய கிராஃபைட் குழியைச் சூடாக்கி, அதிலுள்ள சிறு துளை வழியே வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் முறையை உடன் ஆய்வாளர் எஸ்.சி. ஜெயினுடன் உருவாக்கினார். சூடான பரப்பிலிருந்து எலக்ட்ரான்களை நேரடியாக அளந்தால் பரப்பின் அழுக்கு முடிவைக் கெடுத்துவிடும். குழிக்குள் எலக்ட்ரான்கள் வாயுவைப் போலச் சமநிலையில் நிறைந்திருப்பதால் இந்த முறையில் அந்தச் சிக்கல் இல்லை.