கணினி தொடங்கும்போது வன்தட்டுப் பிழை: பழுது நீக்கும் முன் தரவைக் காப்பது ஏன் அவசியம்?

புது தில்லி: கணினியை இயக்கியவுடன் வழக்கமான முகப்புத் திரைக்குப் பதிலாக, கறுப்புப் பின்னணியில் 'டிஸ்க் ரீட் எரர்' என்ற ஒற்றை வரி தோன்றினால், பயனர்கள் பலர் முதலில் செய்வது கணினியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதுதான். அது பலனளிக்காதபோது பழுது நீக்கும் கட்டளையை இயக்குவதோ, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதோ அடுத்த முயற்சியாகிறது. வன்தட்டு உண்மையிலேயே பழுதடையத் தொடங்கியிருந்தால், இம்முயற்சிகள் ஒவ்வொன்றும் எஞ்சியிருக்கும் தரவையும் இழக்கச் செய்யக்கூடியவை.

வன்தட்டிலிருந்து தரவைப் படிக்க இயலவில்லை என்பது மட்டுமே அந்தச் செய்தியின் பொருள். ஏன் படிக்க இயலவில்லை என்பதை அது கூறுவதில்லை. தளர்ந்த கேபிள், தீர்ந்துபோன சிறு மின்கலம், சிதைந்த கோப்பு முறைமை, நினைவகக் கோளாறு, வட்டின் மேற்பரப்பில் ஏற்பட்ட சேதம் என அதற்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். காரணத்தைத் தேடும் வரிசை சரியாக அமைந்தால் தரவு தப்பும். வரிசை மாறினால், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுது மீட்க முடியாத இழப்பாக மாறிவிடும்.

இந்தியாவில் இந்த இழப்பு குடும்பப் புகைப்படங்களோடு முடிந்துவிடுவதில்லை. சிறு கடைகள், பட்டறைகள், கணக்காளர் அலுவலகங்கள் பலவற்றில் ஆண்டுக்கணக்கான வரவு செலவு விவரங்கள் ஒரே ஒரு கணினியில்தான் உள்ளன. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வணிகர்கள் தங்கள் கணக்குகளை, ஆண்டு விவர அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும். நிறுவனங்கள் சட்டமோ கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டுமெனக் கூறுகிறது. மின்னணு முறையில் கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், அவற்றின் காப்புநகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் சேமிக்க வேண்டும் என்ற விதி 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

செய்தி எங்கிருந்து வருகிறது?

பிழைச் செய்தி தோன்றும் கட்டமே முதல் தடயம். பழைய பயாஸ் முறையில் இயங்கும் கணினிகளில், மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையில் உள்ள நிரல் முதலில் விழித்துக்கொண்டு, வன்தட்டின் முதல் செக்டாரைப் படிக்கிறது. 512 பைட் கொண்ட அந்தச் சிறு பகுதியில் உள்ள நிரல், இயங்குதளம் இருக்கும் பகிர்வின் முதல் செக்டாரைத் தேடிப் படிக்கிறது. அங்குள்ள நிரலே விண்டோஸை ஏற்றும் பணியைத் தொடங்கிவைக்கிறது.

'எ டிஸ்க் ரீட் எரர் அக்கர்டு' என்ற வாசகம் பதிவாகியிருப்பது, பகிர்வின் அந்த முதல் செக்டாரில்தான். அதாவது, அந்தச் செய்தி திரைக்கு வந்திருக்கிறது என்றால், வன்தட்டின் தொடக்கப் பகுதிகள் சரியாகப் படிக்கப்பட்டுவிட்டன. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் தடை ஏற்பட்டுள்ளது. வன்தட்டு முற்றிலும் செயலிழந்துவிடவில்லை என்பதற்கு இது ஓரளவு நம்பிக்கையூட்டும் அறிகுறி.

இதற்கு மாறாக, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்பது போன்ற செய்தி, இயங்குதளம் உள்ள வட்டையே கணினியால் கண்டறிய முடியவில்லை என்பதைக் குறிக்கிறது. 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்' என்ற செய்தியோ வன்தட்டு தன் நிலை குறித்துத் தானே விடுக்கும் எச்சரிக்கை. யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும் புதிய கணினிகளில், நீல அல்லது கறுப்புத் திரையில் பிழை எண்ணுடன் செய்தி வரும். எந்தச் செய்தியானாலும், அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது பின்னர் பழுது பார்ப்பவருக்குப் பெரிதும் உதவும்.

முதலில் காது, பிறகு கை

எந்தச் சோதனைக்கும் முன்னதாக வன்தட்டின் ஒலியைக் கவனிக்க வேண்டும். சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற ஒலியோ, உராயும் ஒலியோ கேட்டால், உடனடியாக மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். வன்தட்டுக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தகடுகளுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில் வாசிப்பு முனைகள் மிதந்து செல்கின்றன. தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அவ்வளவு நுண்ணிய இடைவெளி குலைந்து முனை தகட்டைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு சுழற்சியும் தரவு பதிந்துள்ள படலத்தைச் சுரண்டி எடுக்கும். அந்நிலையில் 'இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம்' என்பது மிகுந்த விலை கொடுக்க வேண்டிய முயற்சியாகிவிடும்.

ஒலி இயல்பாக இருந்தால், எளிய காரணங்களை முதலில் நீக்கிவிடலாம். யூஎஸ்பி துளையில் செருகி மறந்துபோன பென் டிரைவிலிருந்து கணினி தொடங்க முயல்வது அவற்றுள் ஒன்று. அதை அகற்றினாலே சிக்கல் தீர்ந்துவிடும். பழைய மேசைக் கணினிகளில், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், கணினியின் கடிகாரம் பின்னோக்கிச் சென்றுவிடுவதுடன், வன்தட்டு தொடர்பான அமைப்புகளும் மாறிவிடக்கூடும். தேதி தவறாகக் காட்டப்படுவது இதற்கான அடையாளம்.

அடுத்தது கேபிள். மேசைக் கணினியின் மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்த பின், வன்தட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் தட்டையான சாட்டா கேபிளைக் கழற்றி, மீண்டும் உறுதியாகப் பொருத்த வேண்டும். வேறு கேபிளையும், தாய்ப்பலகையில் வேறு துளையையும் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. தூசியும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இணைப்பு முனைகள் மங்கிப்போவது இயல்பு. சீரற்ற மின்சாரத்தால் பலவீனமடைந்த மின்வழங்கிப் பெட்டியும் இதே போன்ற பிழைகளைத் தோற்றுவிக்கும்.

நான்கு எண்கள்

வன்தட்டுகளில் 'ஸ்மார்ட்' எனப்படும் தற்கண்காணிப்பு வசதி உள்ளது. கணினி தொடங்காத நிலையிலும், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கி இந்தப் பதிவுகளைப் பார்க்க இயலும். மடிக்கணினிகள் பலவற்றில் இதற்கான சோதனை வசதி உள்ளமைக்கப்பட்டே வருகிறது. பட்டியலில் பல வரிகள் இருந்தாலும், நான்கு எண்களைப் பார்த்தாலே ஒரு முடிவுக்கு வரலாம்.

எண் 5, சேதமடைந்ததால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. எண் 197, படிக்க இயலாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்களையும், எண் 198, திருத்த இயலாதவை எனக் கண்டறியப்பட்ட செக்டார்களையும் குறிக்கின்றன. இம்மூன்றும் பூஜ்யமாக இருப்பதே நலமான வன்தட்டின் அடையாளம். எண் 199 தனி வகையைச் சேர்ந்தது. வன்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு பயணிக்கும்போது நேர்ந்த பிழைகளை அது கணக்கிடுகிறது. முதல் மூன்றும் பூஜ்யமாக இருந்து, இது மட்டும் உயர்ந்துகொண்டே சென்றால், குற்றவாளி பெரும்பாலும் கேபிளாகவே இருக்கும்.

ஆனால், எண்கள் சரியாக இருப்பது நலத்துக்கான உத்தரவாதம் ஆகாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கண்காணித்து 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த வன்தட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்கூட்டியே காட்டவில்லை எனத் தெரியவந்தது. அதே ஆய்வில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட வன்தட்டுகள், பிழை இல்லாதவற்றைக் காட்டிலும் அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றும் கண்டறியப்பட்டது. எச்சரிக்கை இல்லை என்பதால் நிம்மதியடைய முடியாது. எச்சரிக்கை வந்துவிட்டாலோ தாமதிக்க முடியாது.

பழுது நீக்கும் கருவி ஏன் முதலில் கூடாது?

விண்டோஸில் உள்ள 'செக்டிஸ்க்' கருவி, கோப்பு முறைமையில் உள்ள முரண்பாடுகளைச் சரிசெய்வதற்காக உருவாக்கப்பட்டது. திடீர் மின்தடையால் கோப்பு முறைமை சிதைந்திருந்தால் அது சிறந்த மருந்து. ஆனால், அது கோப்புகளை மீட்கும் கருவியன்று. முரண்பாட்டை நீக்குவதற்காக அது வட்டில் புதிதாக எழுதும். தொடர்பறுந்த கோப்புகளைத் துண்டுகளாக ஒதுக்கும். சேதமடைந்த செக்டார்களைத் தேடும்படி ஆணையிட்டால், வட்டு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். தள்ளாடிக்கொண்டிருக்கும் வன்தட்டுக்கு அந்த உழைப்பே இறுதி அடியாகிவிடலாம்.

கணினி தொடங்கும்போது வட்டுச் சோதனை தானாகவே தொடங்கவிருப்பதாகத் திரையில் அறிவிப்பு வந்தால், குறிப்பிட்ட சில வினாடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி அதைத் தவிர்க்க இயலும். தரவுக்கு வேறு நகல் இல்லையெனில், அவ்வாறு தவிர்ப்பதே அறிவுடைமை.

சரியான வழி, முதலில் நகலெடுப்பது. வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் வழியாக நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியுடன் இணைத்து, மிக முக்கியமான கோப்புகளை முதலில் பிரதியெடுக்க வேண்டும். 'பயன்படுத்துவதற்கு முன் வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என விண்டோஸ் கேட்டால், அதற்கு இசையக் கூடாது.

சேதமடைந்த செக்டார்கள் மிகுதியாக இருந்தால், லினக்ஸில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் பொருத்தமானது. சாதாரண நகலெடுப்பு, படிக்க இயலாத இடத்தில் முட்டி நின்றுவிடும். இந்த மென்பொருளோ எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்து முடித்துவிட்டு, சிக்கலான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருகிறது. எதுவரை முடிந்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் பதியும் வட்டு, மூல வட்டுக்குச் சமமான அல்லது கூடுதலான கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தாலும் ஒரு டெராபைட் வட்டை நகலெடுக்கச் சுமார் 3 மணி நேரம் பிடிக்கும். பழுதான வட்டில் இது நாட்கணக்கில் நீளலாம். நகல் முடிந்த பிறகு, பழுது நீக்கும் முயற்சிகளை அந்த நகலின் மீது மேற்கொண்டால் மூலத்துக்கு ஆபத்தில்லை.

இடையில் வரும் தடைகள்

விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் 'பிட்லாக்கர்' வகைக் குறியாக்கம், பயனர் அறியாமலேயே இயக்கத்தில் இருக்கிறது. அத்தகைய வட்டை வேறு கணினியில் இணைத்தால், 48 இலக்க மீட்புக் குறியீடு இன்றித் தரவைப் பார்க்க இயலாது. இக்குறியீடு வழக்கமாகப் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இயங்கும்போதே அதைத் தேடி எடுத்து, தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

எஸ்எஸ்டி வகை வட்டுகளில் சுழலும் பாகங்கள் இல்லாததால் ஒலி வடிவிலான எச்சரிக்கை இராது. எந்த அறிகுறியும் இன்றித் திடீரெனக் கணினியின் கண்ணிலிருந்து அவை மறைந்துவிடுவதும் உண்டு. அவற்றைப் பொறுத்தவரை காப்புநகல் ஒன்றே நம்பத்தக்க பாதுகாப்பு.

வன்தட்டு 'டிக்' ஒலி எழுப்பினாலோ, சுழலவே இல்லையென்றாலோ, அதைத் திறந்து பார்ப்பதும், குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும், தட்டிப் பார்ப்பதும் கூடாது. தூசு நீக்கப்பட்ட தூய அறை வசதி கொண்ட தரவு மீட்பு மையங்களில் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். ஒப்படைக்கும் முன், கட்டணம் எவ்வளவு, தரவு மீளாவிட்டால் எவ்வளவு செலுத்த வேண்டும், தரவின் இரகசியம் எவ்வாறு காக்கப்படும் ஆகியவற்றை எழுத்து வடிவில் பெறுவது பாதுகாப்பு. உத்தரவாதக் காலத்துக்குள் வன்தட்டைத் திருப்பிக் கொடுத்தால் புதிய வட்டு கிடைக்கலாம்; பழைய வட்டில் இருந்த தரவு அதனுடன் வந்துவிடாது.

ஒருமுறை சேதமடைந்த செக்டார்களைக் காட்டிய வன்தட்டு, பழுது நீக்கிய பின் இயங்கினாலும், முக்கியமான தரவுக்கு இனி ஏற்றதன்று. தரவுக்கு 3 பிரதிகள், அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் 1 வேறு இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி. கடையின் கணினியில் ஒன்று, வாரந்தோறும் இணைத்து நகலெடுத்தபின் கழற்றி வைக்கும் வெளிப்புற வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்ற ஏற்பாடே ஒரு சிறு வணிகத்துக்குப் போதுமானது. அந்த நகல்களிலிருந்து ஒரு கோப்பையேனும் அவ்வப்போது திறந்து பார்த்து, அது சரியாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளவும் வேண்டும்.