தமிழ் வரைகதை வாசகர்களும் திரைத் தழுவல்களும்

தமிழ் வரைகதை வாசகர்களும் திரைத் தழுவல்களும் என்னும் இக்கட்டுரை, தமிழில் வெளிவந்த வரைகதைகளின் (காமிக்ஸ்) நாயகர்கள் திரைப்படமாக்கப்பட்டபோது வாசகர்கள் அவற்றிடம் எதிர்பார்த்தவை பற்றியது ஆகும். மூலக்கதைக்கு உண்மையாக இருத்தல், திரைப்படம் என்ற அளவில் நன்கு அமைதல் ஆகிய இரண்டும் இவ்வெதிர்பார்ப்பில் அடங்கும். இவை இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன.

பின்னணி

சிவகாசியில் இருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ் 1972 ஆம் ஆண்டு "இரும்புக்கை மாயாவி" இதழுடன் தொடங்கியது. அதே குழுமத்தின் லயன் காமிக்ஸ் 1984 இல் "கத்தி முனையில் மாடஸ்டி" என்ற இதழுடன் தொடங்கியது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் 1984 இல் தோன்றி 2005 வரை வெளிவந்தது. இவற்றில் இடம்பெற்ற நாயகர்களுள் பெரும்பாலானோர் பிரித்தானிய, இத்தாலிய, பிராங்கோ-பெல்ஜியப் படைப்புகளில் இருந்து வந்தவர்கள்.

இதனால் தமிழ் வாசகருக்கு "மூலம்" எது என்ற வினா எழுகின்றது. அவர் அறிந்தது கறுப்பு வெள்ளையில் அச்சான, தமிழில் பேசும் நாயகனை. பெயர்கள்கூட மாறியுள்ளன. பிரெஞ்சு மொழியில் புளூபெர்ரி எனப்படும் குதிரைப்படை அதிகாரி தமிழில் கேப்டன் டைகர் ஆவார். அமெரிக்க நாயகனாகிய ஃபாண்டம் முத்து காமிக்ஸில் வேதாளர் என்றும் ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் அழைக்கப்பட்டார். ஆகவே "மாயாவி" என்றவுடன் ஒரு வாசகருக்கு இரும்புக்கையும், மற்றொருவருக்கு மண்டையோட்டு மோதிரமும் நினைவுக்கு வருவது இயல்பே.

மாடஸ்டி பிளைசி

பீட்டர் ஓ'டொனல் எழுதி ஜிம் ஹோல்டவே வரைந்த இத்தொடர் 1963 இல் இலண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் தொடங்கியது. மாடஸ்டிக்கும் அவரது துணைவரான வில்லி கார்வினுக்கும் இடையே உள்ளது காதல் அன்று. உயிரையும் கொடுக்கும் நட்பு. தொடரின் உயிர்நாடி இதுவே எனலாம். 1966 இல் ஜோசப் லோசி இயக்கத்தில் மோனிக்கா விட்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப் நடித்து வெளிவந்த திரைப்படம் இதனைக் கேலிப் பொருளாக்கியது. இருவரும் காதல் பாட்டுப் பாடும் காட்சியும் அதில் உண்டு. ஓ'டொனல் எழுதிக்கொடுத்த திரைக்கதை பிறரால் பலமுறை திருத்தப்பட்டு, அவருடைய உரையாடலில் ஒரே ஒரு வரி மட்டுமே எஞ்சியது என்று அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். கைவிடப்பட்ட அத்திரைக்கதையை அவர் 1965 இல் புதினமாக்கினார். அப்புதினம் நன்கு வரவேற்கப்பட்டு, அதைத் தொடர்ந்து மேலும் பல நூல்கள் வந்தன.

டெக்ஸ் வில்லர்

இத்தாலியில் 1948 இல் ஜியான் லூயிஜி பொனெல்லியும் ஆரேலியோ கலெப்பினியும் உருவாக்கிய டெக்ஸ் வில்லர், லயன் காமிக்ஸ் வாசகர்களின் பெருவிருப்புக்கு உரியவர். துச்சோ டெஸ்ஸாரி இயக்கிய திரைப்படம் 1985 இல் வெளிவந்தது. ஜூலியானோ ஜெம்மா டெக்ஸாக நடித்தார். முந்தைய படத்திற்கு நேர் மாறாக, இது வெளிவந்த இதழ்களின் கதையையே எடுத்துக்கொண்டது. கதையைச் சொல்லும் செவ்விந்தியராகப் பொனெல்லியே தோன்றினார். படைப்பாளியே திரையில் நிற்கும்போது உண்மைத்தன்மைக்கு வேறென்ன சான்று வேண்டும்? எனினும் படம் எடுபடவில்லை. திட்டமிடப்பட்ட தொலைக்காட்சித் தொடரும் உருவாகவில்லை. இதழில் விறுவிறுப்பாக ஓடும் கதை திரையில் தளர்ந்து நடந்தது.

கேப்டன் டைகர்

ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்த இத்தொடர் 1963 இல் பிரான்சின் பிலோத் இதழில் தொடங்கியது. தமிழில் "தங்கக் கல்லறை" என வெளிவந்த கதை, தங்கச் சுரங்கத்தைத் தேடிச் செல்வோரின் பேராசையையும் பாலைநிலத்தின் கொடுமையையும் கூறுவது. யான் கூனென் 2004 இல் இயக்கிய புளூபெர்ரி திரைப்படம் இக்கதையைத் தழுவியதே. ஆனால் வின்சென்ட் காசெல் நடித்த அப்படத்தின் பிற்பகுதி பெரும்பாலும் மூலிகை அருந்திய நாயகனின் மனக்காட்சிகளால் ஆனது. "தங்கக் கல்லறை" படித்த ஒருவர் முன்னறிவிப்பின்றி அதனைக் கண்டால், தவறான படத்தைப் பார்க்கின்றோமோ என ஐயுறக்கூடும். காட்சியழகில் குறையில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

தமிழ்த் திரைப்படங்கள்

தமிழ் வரைகதை ஒன்றை நேரடியாகத் தழுவிய தமிழ்த் திரைப்படங்கள் மிக அரிது. வரைகதையின் சாயல் கொண்ட படங்களே உள்ளன. ஆனந்த விகடனில் கேலிச்சித்திரக் கலைஞராக இருந்த சிம்புதேவன் இயக்கிய இம்சை அரசன் 23ம் புலிகேசி (2006), இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம் (2010) ஆகியவை இவ்வகையின. பின்னது மேற்கத்திய மாட்டுக்காரர் கதைகளின் உலகைத் தமிழ் மண்ணில் நகைச்சுவையாக நிறுவியது. கங்கா (1972) போன்ற படங்களில் குதிரையேறிய நடிகர் ஜெய்சங்கரின் பெயரே அதில் வரும் ஊருக்கு வைக்கப்பட்டது. மிஷ்கினின் முகமூடி (2012) முகமூடி நாயகனைக் கொண்டிருந்தும் எந்த வரைகதையையும் சார்ந்ததன்று.

எதிர்பார்ப்பு மிகுந்த தழுவலுக்குத் தமிழில் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒரு புதினமே. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகங்களைத் தந்துவிட்டன. மணிரத்னம் இதனை இரு பாகங்களாக (2022, 2023) எடுத்தபோது, நடிகர்கள் அம்முகங்களோடு ஒப்பிடப்பட்டனர். முதல் பாகத்தை வரவேற்ற வாசகர் பலர், இரண்டாம் பாகத்தின் மாற்றங்களை ஏற்கவில்லை. குறிப்பாக, சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்னும் புதினத்தின் முடிச்சு படத்தில் கைவிடப்பட்டது.

இரும்புக்கை மாயாவி

மாயாவியின் மூலம் 1962 இல் பிரித்தானியாவின் வேலியன்ட் இதழில் வந்த "தி ஸ்டீல் கிளா" ஆகும். கென் பல்மர் எழுதிய தொடக்கக் கதைகளுக்கு எசுப்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் வெளியே தெரியும். இப்பெயரில் ஒரு திரைப்படம் எடுக்கும் விருப்பத்தை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல நேர்காணல்களில் கூறியுள்ளார்.

இங்கு நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. தொடக்கக் கதைகளில் மாயாவி நல்லவன் அல்லன். கிடைத்த ஆற்றலால் குற்றச் செயல்களில் இறங்குபவன். பின்னரே உளவாளியாகிச் சட்டத்தின் பக்கம் வருகின்றான். தமிழ் வாசகர் பலரின் நினைவில் நிலைத்திருப்பவன் இரண்டாமவனே. எனவே ஆங்கில மூலத்தின் தொடக்கத்திற்கு உண்மையாக எடுக்கப்படும் படம், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு உண்மையற்றதாகத் தோன்ற வாய்ப்புண்டு.