கட்டுச்சோறு சுமக்கும் விதை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும்போது ரத வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று இல்லாவிட்டாலும் இன்னொரு நாள், கோயிலை ஒட்டிய நந்தவனத்தைப் போய்ப் பாருங்கள். துளசிச் செடிகளுக்கு நடுவே மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த பெரியாழ்வார் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்தது இங்கேதான் என்பார்கள். பெருமாளுக்கு மாலை கட்டுவதற்காகவே பூந்தோட்டம் போட்டவர் அவர். ஒரு தோட்டக்காரரையும் அவர் மகளையும் ஊரே கூடிக் கொண்டாடுகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆண்டாள் பிறந்த அதே ஆடியில்தான் விதைப்பும் தொடங்குகிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று உங்கள் வீட்டுத் தாத்தாவும் சொல்லியிருப்பார். மானாவாரிக் கரிசல்காட்டுக்காரர்கள் புரட்டாசி மழைக்குக் காத்திருப்பார்கள். வாளித் தண்ணீர் இருக்கிற வீட்டுத் தோட்டத்துக்கு ஆடியே போதும்.

அந்தக் காலத்தில் தேர் பார்க்க மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் கையோடு கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். ஊர் போய்ச் சேரும்வரை அதுதான் சாப்பாடு. ஒவ்வொரு விதையும் அப்படித்தான் புறப்படுகிறது. உள்ளே ஒரு குட்டிச் செடி படுத்திருக்கும். பக்கத்திலேயே அதற்கு வேண்டிய மாவும் புரதமும் எண்ணெயும் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மண்ணுக்குள் வெளிச்சம் கிடையாது, வெளிச்சம் இல்லாமல் செடியால் சமைக்க முடியாது. மண்ணைப் பிளந்து வெளியே வந்து முதல் இலையை விரிக்கும்வரை இந்தக் கட்டுச்சோறுதான்.

ஓர் அவரை விதையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலை உரியுங்கள். இரண்டு தடித்த பருப்புகள் பிரியும். கட்டுச்சோறு அவைதான். இரண்டும் சேருமிடத்தில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு முளை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் செடி. கடையில் விற்கும் உடைத்த பருப்பு ஏன் முளைப்பதில்லை என்று இப்போது புரிகிறதா? உடைக்கும்போது சோறு தங்கிவிட்டது, பயணி போய்விட்டார்.

எந்த விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது என்பதும் இதிலேயே இருக்கிறது. அவரை விதையின் சோற்றுமூட்டை பெரியது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் ஏறி வந்துவிடும். தண்டுக்கீரை விதையோ ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும்! அதன் சோறு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. விரல் ஆழத்தில் புதைத்தால் பாதி வழியிலேயே பட்டினி. அதை மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாகத் தடவிவிட்டால் போதும். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் சரி. முதல்முறை விதைப்பவர்கள் பாசத்தில் ஆழமாகப் புதைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, முளைக்காத தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

அடுத்த காரணமும் பாசம்தான், தண்ணீரில் காட்டும் பாசம். தண்ணீர் உள்ளே போனதும் விதை உப்பும், நொதிகள் விழித்துக்கொள்ளும், மாவு சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரையைப் பயன்படுத்த விதை மூச்சு விட வேண்டும், அதற்கு மண்ணில் காற்று வேண்டும். கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு காற்றுப் போகும் சந்துகளை அடைத்துவிடும். அதனால் தொட்டிக்குச் செம்மண், மணல், மக்கிய சாணி எரு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் என்ற பூஞ்சை நோய் வந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தரையோடு சாய்ந்து கிடக்கும். ஆடிக்காற்று மேல்மண்ணைச் சீக்கிரம் காயவைக்கும் என்பதால், ஒரே தடவையில் கொட்டாமல் காலையும் மாலையும் கொஞ்சமாகத் தெளியுங்கள்.

விதை முளைக்குமா என்று விதைக்கும் முன்பே சோதித்துக்கொள்ளலாம். ராஜபாளையம் நூற்பாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, பத்து விதைகளை வைத்துச் சுருட்டுங்கள். அவரையோ வெண்டையோ, எதுவானாலும் சரி. ஐந்தாறு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் எத்தனை முளைத்தன என்று எண்ணலாம். ஏழு முளைத்தால் அந்த விதை நூற்றுக்கு எழுபது தேறும். முளைத்த ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு நாளுக்குள் வேர் நுனி மறுபடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். வேர் நுனியின் செல்களுக்குள் மாவு மணிகள் இருக்கின்றன. அவை கனத்தால் கீழே உருண்டு படிவதை வைத்துத்தான் வேர் பூமியின் திசையைத் தெரிந்துகொள்கிறது.

விதையைத் தயார்செய்வதில் பருத்திக்காரர்களிடம் ஓர் அழகான வித்தை உண்டு. பருத்திக்கொட்டையின் மேல் குட்டிப் பஞ்சு ஒட்டியிருப்பதால் கொட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சாணிக் கரைசலில் புரட்டித் தேய்த்து உலர்த்தினால் பஞ்சு படிந்து, ஒவ்வொன்றாக உதிரும்.

விதைகளைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், அஞ்சறைப்பெட்டியிலேயே தொடங்கலாம். கொத்தமல்லியின் ஒரு ‘விதை’ உண்மையில் இரண்டு விதைகள் கொண்ட காய், லேசாகத் தேய்த்து இரண்டாக்கிப் போடுங்கள். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு, பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் அதைத் தடுக்கிறது. சாம்பலில் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கடை விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் அது பூச்சி, பூஞ்சை மருந்து. வாயில் வைக்கவே கூடாது, தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பூவுக்குச் செண்டுமல்லி போடுங்கள். காய்ந்த பூவைப் பிரித்தால் கறுத்த ஊசிபோன்ற விதைகள் ஒரு கைப்பிடி கிடைக்கும். இன்று எல்லாக் கோயில் மாலையிலும் இருக்கும் இந்தப் பூவைப் பெரியாழ்வார் பார்த்திருக்கவே மாட்டார். இதன் தாய்நாடு மெக்சிகோ. தக்காளியும் மிளகாயும்கூட அந்தப் பக்கத்துப் பயிர்கள்தாம், ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்துக்குப் போன 1492-க்குப் பிறகுதான் கப்பலேறி இங்கே வந்தன. துளசி நம் மண்ணிலேயே இருந்தது. மல்லிகையையும் நந்தியாவட்டையையும் விதைக்காகத் தேடாதீர்கள். பதியன் போட்டோ குச்சி நட்டோதான் அவற்றைப் பெருக்குகிறோம்.

விதைத்த மறுநாளே தோண்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், முடியைவிட மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்துபோகும். நாலைந்து நாள் பொறுத்து, காலையில் அவரைத் தொட்டியைக் குனிந்து பாருங்கள். மண் கொஞ்சம் வெடித்திருக்கும். அதற்குள் கழுத்தை வளைத்துக்கொண்டு, பிடரியால் மண்ணைத் தள்ளியபடி முளை வந்துகொண்டிருக்கும். குருத்து காயப்படாமல் இருக்கத்தான் அந்த வளைவு. வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்து, இரண்டு பருப்புகளையும் தூக்கிப் பிடிக்கும். இரண்டு வாரத்தில் அவை சுருங்கித் தொங்கும். அதற்குள் மேலே பச்சை இலைகள் சமைக்கத் தொடங்கியிருக்கும். சுருங்கியதைக் கிள்ளிவிடாதீர்கள், கடைசிப் பருக்கையையும் செடி சாப்பிட்டு முடிக்கட்டும்.