அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முகவரியில் ஹோ சி மின்: கொல்கத்தா தெருப் பெயர்களின் பின்னணி

கொல்கத்தாவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவோர், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்நாம் தலைவரின் பெயரையும் எழுதியாக வேண்டும். அதன் முகவரி: 5/1, ஹோ சி மின் சரணி. வங்க மொழியில் சரணி என்றால் சாலை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஹாரிங்டன் தெருவாக இருந்த இச்சாலை, வியட்நாம் போர்க் காலத்தில் பெயர் மாற்றப்பட்டது. நகரில் இடதுசாரிகளின் போர் எதிர்ப்பு தீவிரமாக இருந்த நேரம் அது. தூதரகம் அங்கு அமைந்திருந்ததே அத்தெரு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை.

டல்ஹவுசி சதுக்கத்தின் கதை வேறு. 1930 டிசம்பர் 8 அன்று பினய் பாசு, பாதல் குப்தா, தினேஷ் குப்தா ஆகிய இளைஞர்கள் அங்குள்ள ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டுக் கொன்றனர். அரசியல் கைதிகள் கொடுமைப்படுத்தப்பட்டதற்கான பழிவாங்கல் அது. காவலர்கள் சூழ்ந்தபோது பாதல் சயனைடு அருந்தி அங்கேயே உயிர்நீத்தார். தன்னைச் சுட்டுக்கொண்ட பினய், 5 நாட்களுக்குப் பின் மருத்துவமனையில் இறந்தார். பிழைத்த தினேஷ் 1931 ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டார். அம்மூவரின் முதலெழுத்துகளே இன்றைய 'பி.பி.டி. பாக்'. சுருக்கமாகவே புழங்குவதால், பெயரைக் கேட்டதும் அவர்கள் எளிதில் நினைவுக்கு வருவதில்லை என்பதே குறை.

பார்க் தெருவோ இருமுறை பெயர் மாறியது. 1767-இல் திறக்கப்பட்ட ஐரோப்பியர் கல்லறைக்குச் செல்லும் வழியாதலால், அது முதலில் இடுகாட்டுச் சாலை எனப்பட்டது. தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மான் பூங்கா, பார்க் தெரு என்ற பெயரைத் தந்தது. இப்போது அதிகாரப்பூர்வமாக அன்னை தெரசா சரணி. ஆயினும் அங்குள்ள மெட்ரோ நிலையத்தின் பெயர் இன்றும் பார்க் ஸ்ட்ரீட்தான்.