போக்கரில் பெரிய பந்தயத்தை ஏற்றல்

வரம்பற்ற டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் ஒருவர் தம்மிடமுள்ள சில்லுகள் அனைத்தையும் ஒரே முறையில் பந்தயமாக வைக்கலாம். எதிரில் இருப்பவர் அதே அளவை வைத்துத் தொடர்வது 'கால்' எனப்படும்.

ஏற்பதற்குத் தேவையான வெற்றிவாய்ப்பைப் பந்தயத்தின் அளவே தீர்மானிக்கிறது. நடுவில் 600 சில்லுகள் உள்ளபோது எதிராளி 600 வைத்தால், மொத்தம் 1800-ஐ வெல்ல நாம் 600 வைக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு போதும். அவர் 1200 வைத்தால் 40% தேவை. பந்தயம் எவ்வளவு பெரிதானாலும் இது 50 விழுக்காட்டை எட்டாது. மிரண்டுபோய்ச் சீட்டை மடிப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

ஆசையால் ஏற்பது எதிர்த் தவறு. நான்கு பொதுச்சீட்டுகள் விழுந்தபின், கையிலும் மேசையிலுமாக நான்கு ஆர்ட்டின் சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பவருக்கு, காணாத 46 சீட்டுகளில் 9 மட்டுமே உதவும், ஏறத்தாழ 20%. எதிராளி கையிருப்பு முழுவதையும் வைத்து 600 கேட்டால் விலகுவதே சரி. கடைசிச் சீட்டுக்குப் பின் இந்த எண்ணிக்கை உதவாது. எதிராளி வெறுங்கையோடு மிரட்டுகிறாரா என்பதை அவரது முந்தைய ஆட்டத்திலிருந்தே ஊகிக்க வேண்டும்.

இக்கணிப்பு திறமையா, அதிர்ஷ்டமா என்பது தமிழ்நாட்டில் வழக்காகவே ஆனது. கடனும் தற்கொலைகளும் காரணமாக மாநில அரசு இயற்றிய 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடைசெய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025இல் வந்த ஒன்றிய அரசின் சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது.