ஆலை வாசலோடு நின்றுவிடும் சட்டம்

தூசிதான் எமன்

கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கல்நாரும் சிமென்ட்டும் கலந்தது. உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற தூசிதான் எமன். நுரையீரலுக்குள் போன நார்களை உடலால் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும், புற்றுநோயும் வரலாம். பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டும்.

1995 தீர்ப்பு

இந்த நீண்ட இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தீர்ப்பு ஒன்று நம்மிடம் உண்டு. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ வசதியும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியில் இருக்கும்போது மட்டுமல்ல, ஓய்வு பெற்ற பிறகும் அந்த உரிமை உண்டு. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு. இன்று அந்தத் தொகை மருந்துச் செலவுக்கே காணாது. ஆனால் 40 ஆண்டுப் பதிவு என்ற ஆணை விலைமதிப்பற்றது.

யார் கணக்கில் இவர்கள்?

ஷெட் போடும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் கட்டிங் மிஷினால் ஷீட்டை அறுப்பார். கீழே சித்தாள் அந்த வெள்ளைத் தூசியை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருப்பார். இவர்கள் பெயர் எந்த ஆலைப் பதிவேட்டிலும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்துவிட்டது. இங்கே வெள்ளைக் கல்நார் இன்னும் ரஷ்யாவிலிருந்து வந்து இறங்குகிறது. முழுத் தடை ஒன்றுதான் இவர்களையும் காப்பாற்றும்.

அதுவரை

மிஷின் வேண்டாம், ஷீட்டை நனைத்துக் கைரம்பத்தால் அறுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துண்டும் போதாது, என்95 முகக்கவசமும் போதாது; பி100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு துவைக்காதீர்கள். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு.

மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனால், எத்தனை வருடத்துக்கு முன்பாக இருந்தாலும் ஷீட் வேலை பார்த்ததைச் சொல்லுங்கள். இஎஸ்ஐ காப்பீட்டுத் திட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் இருக்கிறது. காப்பீடு உள்ளவர் இழப்பீடு கேட்க, பார்த்த வேலைக்கான ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.