டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சி00' என்று இருக்கிறதா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். அதுதான் ஐ.சி.டி. குறியீடு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்தப் பட்டியலின் 10-ஆம் பதிப்பில், உதட்டுப் புற்றுநோய்க்கான குறியீடு 'சி00'.

புள்ளிக்குப் பின் வரும் எண் என்ன சொல்கிறது?

புற்று உதட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

- சி00.0 – மேல் உதடு, வெளிப்புறம்
- சி00.1 – கீழ் உதடு, வெளிப்புறம்
- சி00.3 – மேல் உதடு, உட்புறம்
- சி00.4 – கீழ் உதடு, உட்புறம்
- சி00.6 – உதடுகள் சேரும் வாயோரம்
- சி00.9 – இடம் குறிப்பிடப்படவில்லை

வெயிலில் பல வருஷம் உழைக்கும் மீனவர், விவசாயிகளுக்குக் கீழ் உதட்டின் வெளிப்புறத்தில் புற்று வரலாம். புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குபவர்களுக்கு உட்புறத்தில் வரலாம்.

ஒரு எழுத்து மாறினால்?

'டி10.0' என்றால் உதட்டில் புற்று அல்லாத சாதாரணக் கட்டி. 'சி44.0' என்றால் உதட்டுத் தோலில் வந்த புற்று. பயாப்சி முடிவு ஒன்றும் குறியீடு வேறொன்றும் சொன்னால், காப்பீட்டு ஒப்புதலில் விளக்கம் கேட்கப்பட்டு சிகிச்சை தள்ளிப்போகலாம். அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருத்துவ ஆவணப் பிரிவிலோ கேளுங்க. நீங்களே அடித்துத் திருத்த வேண்டாம்.

கடலூர் மாவட்டத்தினர் கவனத்துக்கு

கடலூர் நகரில் இருப்பது அரசு தலைமை மருத்துவமனை. 'கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை' இருப்பதோ சிதம்பரம் அண்ணாமலை நகரில்; முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்பட்டது அதுவே. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பயாப்சி அறிக்கை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையில் எடுத்துட்டுப் போங்க. போனிலும் போட்டோ எடுத்து வைங்க.

செலவுக்கு என்ன வழி?

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லையா? குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்க. கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 425 3993.

உதட்டில் புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறலையா? வலி இல்லையே என்று விட்டுடாதீங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.